வாசலுக்கு வந்த பட்டறை

வரதமாநதி அணை கீழே ஒரு கைக்கண்ணாடி அளவுக்குச் சுருங்கிப்போன திருப்பத்தில், பானெட் ஓரத்திலிருந்து முதல் ஆவி கிளம்பியது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு. அதற்குள் ஏ.சி. காற்று சூடாகிவிட்டிருந்தது. ஓரங்கட்டி நிறுத்தினேன். மனைவி இறங்கி இரண்டு கல்லைத் தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு அண்டைக் கொடுத்தாள். பழனியிலிருந்து ஏறிவந்த கொடைக்கானல் பஸ் வேகம் குறைத்தது. டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ரேடியேட்டர் மூடியை மட்டும் தொறந்துறாதீங்க" என்று கத்திவிட்டுப் போனார்.

ஒரு விஷயம் அப்போது உறைக்கவில்லை. கூலன்ட் கொதித்துக் கசிந்தால் லேசாக ஓர் இனிப்பு வாசம் வரும். இங்கே வந்தது வெறும் ஆவி, இட்லிப் பானையைத் திறந்த மாதிரி. முந்தின நாள்தான் 4 லிட்டர் கூலன்டுக்குப் பணம் கொடுத்திருந்தேன்.

கைபேசியில் பதிவு செய்தால் மெக்கானிக் வீட்டு வாசலுக்கே வருவார் என்கிற சேவை, பெருநகரங்களைத் தாண்டி இப்போது மலையடிவாரப் பேரூராட்சிகள் வரை வந்துவிட்டது. பழனிக்கு வருகிறவர்கள், கொடைக்கானல் ஏறுகிறவர்கள், பாலாறு-பொருந்தலாறு அணை பார்க்கப் போகிறவர்கள் எல்லோருடைய கைபேசியிலும் இதுபோல ஒரு எண் இருக்கிறது. நல்ல அனுபவம் பெற்றவர்கள் உண்டு. மாட்டிக்கொண்டவர்கள் எங்கே போவது என்பதுதான் இந்தக் கட்டுரை. மாட்டிக்கொண்டவர்களில் இதை எழுதுகிறவனும் ஒருவன் என்பதால் ஒருதலைப்பட்சம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

வேப்பமரத்தடியில் இரண்டு மணி நேரம்

பாலசமுத்திரம் என் மாமனார் ஊர். பழனிக்கு அருகே, மலை எழும்பத் தொடங்கும் இடம். சனிக்கிழமை அங்கே போய்ச் சேர்ந்தபோதே வண்டி வழக்கத்தைவிடச் சூடாக ஓடியது. மறுநாள் கொடைக்கானல் போவதாகத் திட்டம். இ-பாஸ்கூட எடுத்தாகிவிட்டது.

"மாப்ளை, அணை ரோட்டுல நம்ம பட்டறை இருக்கு, காட்டிட்டு வந்துருவோம்" என்றார் மாமா. ஒரு மணி நேரத்தில் வாசலுக்கே ஆள் வரும்போது பட்டறையில் போய் ஏன் காத்துக் கிடக்கவேண்டும் என்று நான் கைபேசியை எடுத்தேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. இதுபோன்ற சமயத்தில் மாமனார்கள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு அர்த்தம் உண்டு.

ஒரு மணி நேரம் மூன்றரை மணி நேரமானது. வந்த தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். திண்டுக்கல்லிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் பைக்கில் வந்திருந்தான். முதுகில் ஒரு பை, பைக்கின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து வேலையைத் தொடங்கினான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அவன் கைபேசி கூவியது. அடுத்த வேலை.

ரேடியேட்டரைத் திறந்துவிட்டான். துருநிறத் தண்ணீர் தெருவோரச் சாக்கடைக்கு ஓடியது. பக்கத்து வீட்டு ஆடு முகர்ந்துகொண்டு வர, மாமா கல்லெறிந்து விரட்டினார். விரட்டியது நல்லதாகப் போயிற்று. பெரும்பாலான கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நக்கும் கால்நடைக்கும் நாய்க்கும் சிறுநீரகம் போய்விடும்.

பிறகு என்ஜின் ஓரத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைச் சாமானைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினான். தெர்மோஸ்டாட். "நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்குங்க சார்? இத எடுத்துட்டா தண்ணி ஃப்ரீயா ஓடும். சூடே ஆகாது." சொன்ன தோரணையில் சந்தேகம் வரவில்லை. காபி குடிக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது நிரப்பி முடித்து மூடியிருந்தான். ரேடியேட்டரில் என்ன ஊற்றினான் என்பதை நான் பார்க்கவில்லை.

பில் குறுஞ்செய்தியாக வந்தது. கூலன்ட் 4 லிட்டர், ஹோஸ் கிளிப், கூலி, 'விசிட் சார்ஜ்' எல்லாம் சேர்த்து ரூ.3,850. ஜி.எஸ்.டி. எண் இல்லை. முகவரியும் இல்லை. வேலை பிடித்திருந்ததா, ஐந்து நட்சத்திரம் தாருங்கள் என்று கேட்டது. தந்தேன்.

மலை என்ன கேட்கும்?

பழனியிலிருந்து கொடைக்கானல் சுமார் 64 கிலோமீட்டர். அதற்குள் வண்டி ஆயிரத்து எழுநூறு மீட்டருக்கு மேல் உயரம் ஏறவேண்டும். இரண்டாவது கியரில், அதிகச் சுற்றில், குறைந்த வேகத்தில் மணிக்கணக்கில் உழைக்கும் என்ஜினுக்கு முன்னிருந்து காற்றும் அதிகம் கிடைக்காது. சமவெளியில் பேசாமல் இருக்கும் சின்னக் குறையும் இங்கே வாயைத் திறந்துவிடும்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் 107 டிகிரி வரை தாங்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தை அடக்கி வைப்பதால் நல்ல நிலையில் உள்ள வண்டியில் 125 டிகிரி தாண்டியும் கொதிக்காது. வெறும் போர் தண்ணீரை ஊற்றினால் இந்தத் தாங்கும் திறனில் ஒரு பங்கு போய்விடும். உப்பு படிந்து குழாய் அடைபடுவது தனிக்கதை. நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்றை என்ஜினை ஓடவிட்டு, குமிழ் அடங்கும் வரை காத்திருந்து வெளியேற்ற வேண்டும். அதற்கு அரைமணி நேரமாவது பிடிக்கும். அடுத்த வேலைக்குக் கைபேசி கூவிக்கொண்டிருக்கும்போது அந்த அரைமணி யாருக்கு இருக்கிறது?

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் ஊர்ப் பட்டறைகளில் ரொம்ப நாளாக நடக்கிற வைத்தியம்தான். பழைய என்ஜின்களில் பெரிய சேதமில்லாமல் ஓடியது. இன்றைய பல என்ஜின்களில் அது வெறும் கதவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று திருப்பிவிடும் மடை. மடையைப் பிடுங்கினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் சுற்றி வந்துவிடும்.

■ மலையேறும் முன்
• சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது. குறைந்தது அரைமணி நேரம் ஆறவிடவும். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் திறந்ததும் முகத்தில் பாயும்.
• பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக 205 டிகிரியில் கொதிக்கும். ஈரமேறிய பின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 வகைக்கு இது 230, 155. இறங்கும்போது பிரேக் பெடல் பஞ்சாக அமுங்கினால் காரணம் இதுவாக இருக்கலாம்.
• ஏறின கியரிலேயே இறங்கவும்.
• எச்சரிக்கை முக்கோணப் பலகை வண்டியில் இருக்கவேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அண்டைக் கொடுத்த கல்லை எடுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவது விதியில் இல்லை, ஆனாலும் செய்யவும். அடுத்து வரும் பைக்காரருக்கு அந்தக் கல் எமன்.

'டிக்கெட் குளோஸ் ஆயிடுச்சு சார்'

மலைத் திருப்பத்தில் நின்றபடி அந்தச் சேவைக்கு அழைத்தேன். மலைப்பாதை எங்கள் சேவைப் பகுதிக்குள் வராது என்றது ஒரு பெண் குரல். நேற்று செய்த வேலையில்தான் கோளாறு என்றேன். "உங்க டிக்கெட் குளோஸ் ஆயிடுச்சு சார், புதுசா புக் பண்ணுங்க" என்றாள்.

இன்சூரன்ஸில் கூடுதல் பணம் கட்டிச் சேர்த்திருந்த சாலையோர உதவி கைகொடுத்தது. மூன்று மணி நேரம் கழித்து ரெக்கவரி வண்டி வந்து காரைத் தூக்கிக்கொண்டு இறங்கியது. எங்கே விடவேண்டும் என்று கேட்டார்கள். மாமா சொன்ன அதே அணை ரோட்டுப் பட்டறையில் விடச் சொன்னேன்.

பட்டறைக்காரர் ஆயில் மூடியைத் திறந்தார். மூடியின் உட்புறம் வெளிர்பழுப்பில் நுரைத்த பசை. "டீயில பால் ஜாஸ்தி ஊத்துன மாதிரி இருக்குது பாருங்க. கேஸ்கட் போயிருச்சுங்க. ஆயிலும் தண்ணியும் கலந்துருச்சு." ரேடியேட்டரில் மிச்சமிருந்ததை ஒரு வெள்ளை டம்ளரில் பிடித்துக் காட்டினார். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, குடிக்கலாம்போல இருந்தது. ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் செய்து, கேஸ்கட், தெர்மோஸ்டாட், ஆயில் எல்லாம் புதிதாகப் போட ஆறு நாள் ஆனது. ரூ.24,600.

மறுபடி சேவையை அழைத்தேன். இந்த முறை ஆண் குரல், கனிவான குரல். எங்கள் வேலைக்கு 30 நாள் வாரன்டி உண்டு, ஆனால் வெளி மெக்கானிக் கைவைத்தால் செல்லாது என்றார். நீங்கள்தானே வர மறுத்தீர்கள் என்றேன். மலைப்பாதைக்குத்தான் வரமுடியாது என்றோம், கீழே கொண்டுவந்து புதிதாகப் பதிவு செய்திருக்கலாமே என்றார். மேலும் அழுத்தியபோது கடைசி அஸ்திரம் வந்தது: "நாங்க உங்களையும் மெக்கானிக்கையும் இணைக்கறதோட சரி சார். அவர் எங்க எம்ப்ளாயி கிடையாது."

இந்த வரிசையைக் கவனித்தால், யாரும் முழுப்பொய் சொல்லவில்லை என்பது தெரியும். ஒவ்வொரு வாக்கியமும் நிபந்தனைப் பக்கத்தில் எங்கோ அச்சாகியிருக்கிறது. எல்லாவற்றையும் அடுக்கினால் பொறுப்பேற்க ஒருவரும் இல்லாமல் போகிறார்கள். அணை ரோட்டுப் பட்டறைக்காரரும் நாளை சொதப்பலாம். சொதப்பினால் மாமா காலையில் போய் அவர் கடை வாசலில் நிற்பார், டீக்கடையில் நாலு பேரிடம் சொல்வார். கடை வாசலில் தொங்கும் தகரப் பெயர்ப்பலகைதான் அவர் கட்டியிருக்கும் முன்பணம்.

பணம் கொட்டிய தொழில்

பழுது பார்க்கிறவர் வண்டியைத் தேடி வருவது புதிதல்ல. பிரிட்டனில் 1905-ல் தொடங்கிய ஆட்டோமொபைல் அசோசியேஷன் சாலையோர உதவிக்குப் பேர்போனது. அந்தச் சங்கம் முதலில் பிறந்தது, போலீஸ் எங்கே ஒளிந்து நின்று வேகம் அளக்கிறது என்று உறுப்பினர்களை எச்சரிப்பதற்காக! அமெரிக்காவில் வாசலுக்கு வந்து பழுதுபார்க்கும் 'ரிப்பேர்ஸ்மித்' நிறுவனத்தை, கார் விற்பனைப் பெருநிறுவனமான 'ஆட்டோநேஷன்' 2023 ஜனவரியில் 19 கோடி டாலருக்கு வாங்கியது.

அதே ஜனவரியில் இந்தியாவில் வேறு காட்சி. குருகிராமில் 2016-ல் தொடங்கி, தெருவோரப் பட்டறைகளைத் தன் பெயர்ப் பலகையின் கீழ் இணைத்து, வண்டியை வீட்டிலிருந்து எடுத்துப்போய்ப் பழுதுபார்த்துத் திருப்பித் தரும் 'கோமெக்கானிக்' நிறுவனம். சிகோயா, டைகர் குளோபல் போன்ற முதலீட்டாளர்கள் பணம் போட்டிருந்தார்கள். நிதிக் கணக்கு காட்டியதில் கடுமையான தவறுகள் நடந்தன என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான அமித் பாசின் 2023 ஜனவரியில் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். எப்படியாவது வளர்ந்தாகவேண்டும் என்ற வெறியில் நிதானம் தப்பியதாக விளக்கம் வந்தது. ஊழியர்களில் சுமார் 70 சதவீதம் பேர் வேலையிழந்தார்கள். சில வாரங்களில் நிறுவனம் 'சர்விசி' என்ற கூட்டணிக்குக் கைமாறியது.

நான் மாட்டியது இதைப்போலப் பெரிய பெயரில்லை, வட்டார அளவிலான ஒரு சின்னச் சேவை. ஆனால் அவசரம் ஒரே ஜாதி. ஒரு நாளைக்கு எத்தனை வேலை முடிந்தது என்பதுதான் முதலீட்டாளருக்குக் காட்டும் எண்ணிக்கை. முடிந்த வேலை மறுநாள் மலையேறியதா என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

தம்பி சொன்ன கதை

சாக்கு விரித்து வேலை செய்த தம்பியின் எண் என்னிடம் இருந்தது. பத்து நாள் கழித்து, கோபம் அடங்கியபின் அழைத்தேன். எடுக்கமாட்டான் என்றுதான் நினைத்தேன். எடுத்தான்.

"சாரி சார். கூலன்ட் அன்னைக்கு முதல் ரெண்டு வண்டியிலயே தீர்ந்துருச்சு. தீர்ந்துருச்சுன்னு சொல்லிக் கேன்சல் பண்ணா எனக்கு ஃபைன். பைப்புத் தண்ணிய ஊத்திட்டேன்." தெர்மோஸ்டாட்? "அது தப்புன்னு இப்பவும் எனக்குத் தெரியல சார். நான் வேலை பழகுன இடத்துல எல்லா வண்டிக்கும் கழட்டுவாங்க." திண்டுக்கல்லிலிருந்து வந்துபோன பெட்ரோல் அவன் காசு. நான் போட்ட ஐந்து நட்சத்திரத்தால் அன்றைக்கு அவனுக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கிடைத்ததாம். அதைச் சொல்லும்போது குரலில் சங்கடம் இருந்தது.

இவனைப் போன்றவர்களைச் சட்டம் மெல்லத்தான் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் என்று முதல்வர் ஸ்டாலின் 2023 சுதந்திர தின உரையில் அறிவித்தார். இவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் மத்திய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இவையெல்லாம் காப்பீடு, உதவித்தொகை பற்றியவை. தம்பிக்கு புது என்ஜின் சொல்லிக்கொடுப்பது யார்?

அது பட்டறைக்காரர்களுக்கும் உள்ள கேள்விதான். 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்.6 வண்டிகளில் சென்சார்கள் கூடிவிட்டன. கோளாறைப் படிக்க ஸ்கேனர் வேண்டும், கம்பெனிக் கையேடு வேண்டும். அசல் உதிரிப் பாகங்களையும் தொழில்நுட்பத் தகவல்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக, 2014 ஆகஸ்ட் 25-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. பின்னர் மேல்முறையீட்டில் சில கம்பெனிகளுக்கு அபராதத் தொகை குறைந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரின் பில்லுக்குப் பயந்துதான் நாம் வெளியே ஓடுகிறோம். வெளியே இருப்பவருக்குக் கற்றுக்கொள்ளும் வாசல் பாதிதான் திறந்திருக்கிறது. அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் இந்த வாசல் சேவை.

■ எதற்குக் கூப்பிடலாம்?
பேட்டரி மாற்றுவது, பஞ்சர், வைப்பர், பல்பு, ஜம்ப் ஸ்டார்ட் போன்றவற்றுக்கு வாசல் சேவை உண்மையிலேயே வரப்பிரசாதம். பிரேக், ஸ்டீயரிங், கிளட்ச், என்ஜின் குளிர்விப்பு என்றால் பட்டறைதான். ஜாக்கி மட்டும் போட்ட வண்டிக்கடியில் யாரையும் படுக்கவிடாதீர்கள். முட்டுத்தாங்கி இருக்கிறதா என்று கேளுங்கள்.
வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய பாகத்தையும் புதுப் பாகத்தின் அட்டைப் பெட்டியையும் கேட்டு வாங்குங்கள்.
இணையத்தில் தேடிக் கிடைத்த எண் முன்பணம் கேட்டாலோ, கைபேசித் திரையைப் பகிரச் சொன்னாலோ துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

காப்பீடு கைவிரிக்கும் இடம்

ரூ.24,600-ஐ இன்சூரன்ஸில் வாங்கிவிடலாமே என்றார்கள் நண்பர்கள். சாதாரண கார் பாலிசி விபத்துக்கும் திருட்டுக்கும் இயற்கைச் சீற்றத்துக்கும்தான். தானாகப் பழுதானது, தேய்மானம், அதன் தொடர்ச்சியாக வந்த சேதம் ஆகியவற்றுக்குக் கிடையாது. 2015 வெள்ளத்தின்போது தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து என்ஜினைப் பாழாக்கிக்கொண்ட சென்னைவாசிகள் பலர் இந்தப் பாடத்தைப் படித்தார்கள். என்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு இணைப்பு வாங்கலாம். அதிலும் மெக்கானிக்கின் கவனக்குறைவு அடங்குமா என்பதைப் பொடி எழுத்தில் தேடிப் பார்க்கவேண்டும். என்னிடம் அந்த இணைப்பே இல்லை.

மிச்சம் நுகர்வோர் சட்டம். நினைத்ததைவிட வலுவாகவே இருக்கிறது.

■ சட்டம் கையில்
• நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, புகார்தாரர் தான் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு ஓடவேண்டாம்.
• கால வரம்பு 2 ஆண்டு. கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை.
• செய்த வேலைக்கு பில் தராதது முறையற்ற வணிக நடைமுறை.
• இணைய வணிகம் பற்றிய 2020 விதிகள்: நிறுவனம் தன் சட்டப்படியான பெயர், தலைமையக முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் ஆகியவற்றை வெளியிடவேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும்.
• கூலி பாக்கி இருந்தால் அது தீரும் வரை வண்டியை நிறுத்திவைக்கப் பட்டறைக்கு உரிமை உண்டு (இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170). பிரிவு 151-ன்படி, ஒப்படைத்த வண்டியைத் தன் பொருள்போலக் கவனிக்கும் கடமையும் உண்டு.
• தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆனால் சேவையில் குறைபாடு என்றால், அதை நிரூபிக்கும் சுமை புகார் சொல்கிறவர் மேல்தான். வேப்பமரத்தடியில் நடந்த வேலைக்கு என்ன சாட்சி? கழற்றிய தெர்மோஸ்டாட் தம்பியின் பையில் போய்விட்டது. பட்டறையில் வேலை நடந்திருந்தால் வேலைச் சீட்டு இருக்கும், பக்கத்தில் நின்ற பையன் இருப்பான், கூலன்ட் டப்பா மூலையில் கிடக்கும். தெருவில் இரண்டு மணி நேரத்தில் ஒரு பட்டறை முளைத்து மறைந்துவிட்டது. மிச்சமிருந்தது சாக்கடையோரம் ஒரு எண்ணெய்க் கறை மட்டும். அந்தக் கறையும் சும்மா விஷயமில்லை. வாசலிலேயே ஆயில் மாற்றும் சேவைகள் கழிவு ஆயிலை எங்கே கொட்டுகின்றன? மத்திய அரசின் 2016 கழிவு மேலாண்மை விதிகள் அதை அபாயகரக் கழிவு என்கின்றன. அணைத் தண்ணீரையும் கிணற்றையும் நம்பித் தென்னையும் நெல்லும் வைத்திருக்கும் ஊரில் அதைத் தெருவில் விட்டுப்போவதை யார் கணக்கெடுப்பது?

பட்டறைக்காரர்தான் எனக்கு ஆதாரம் சேர்த்துக் கொடுத்தார். லெட்டர்பேடில், திறந்தபோது ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தது, தெர்மோஸ்டாட் இல்லை என்று எழுதி, தேதி போட்டு, கடை முத்திரையைக் குத்தினார். "கோர்ட்டுக்கெல்லாம் கூப்புடுவாங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டேதான் குத்தினார். அந்த வெள்ளை டம்ளரைப் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

பிறகு மனு எழுத உட்கார்ந்தேன். முதலில் நோட்டீஸ் அனுப்பவேண்டும். நோட்டீஸுக்கு எதிர்த்தரப்பின் முகவரி வேண்டும். செயலியில் இல்லை, குறுஞ்செய்தி பில்லில் இல்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் மின்னஞ்சல் முகவரி தந்தார்கள். மத்திய கம்பெனி விவகாரத் துறையின் பதிவேட்டில் தேடி ஒரு வழியாகப் பிடித்தேன். வேறொரு மாநிலத்தில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், நான்காவது மாடி வீடு.

2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், பழனி தலைமைத் தபால் நிலையத்தில் விரைவுத் தபாலாகவே அனுப்பினேன். மாமாவும் கூட வந்திருந்தார், வழியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் நாள் கைபேசியில் செய்தி வந்தது: கதவு பூட்டியிருந்தது. அதற்கும் மறுநாள்: கதவு பூட்டியிருந்தது. ஐந்தாம் நாள் இன்னொரு செய்தி வந்தது, தபால் துறையிலிருந்து அல்ல. வண்டிக்கு அடுத்த சர்வீஸ் நேரம் நெருங்குகிறது, இன்றே பதிவு செய்தால் 20 சதவீதத் தள்ளுபடி.